அப்பாவின் பழைய சேத்தக்கைச் சரிசெய்யச் சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 46,000 ரூபாய். வாடகை, வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் சேர்ந்து 34,000 ஆகிவிடும். ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஒன்று கட்டுகிறேன். 20 மாதச் சீட்டில் 6 மாதம் முடிந்துவிட்டது. வங்கியில் 1,10,000 ரூபாய் நகைக் கடன், வட்டி 9.5 சதவீதம். சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. மகளை வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

அப்பா 1984-ல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் பத்து வருடத்துக்கு மேல் ஓடாமல் வீட்டில் நிற்கிறது. அப்பா மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டார். வண்டியை ஓடவைக்க ஆசை. மெக்கானிக் மொத்தம் 68,000 கேட்கிறார்: இன்ஜினுக்கு 24,000, டிங்கரிங்கும் பெயிண்ட்டும் 26,000, வயரிங், டயர், பிரேக் மற்றவைக்கு 18,000. ஐடிஐ படித்தவன் என்பதால் இன்ஜினை நானே வீட்டில் பிரித்துச் சேர்க்க முடியும். அப்படிச் செய்தால் 40,000-ல் முடியும் என்று நினைக்கிறேன். சீட்டு போன மாத ஏலத்தில் 24,000 தள்ளி 76,000-க்குப் போயிற்று. இந்த மாதம் நான் எடுத்துவிடலாமா? சரிசெய்த சேத்தக் இன்று ஒன்றரை லட்சம் போகும், இது முதலீடுதான் என்கிறான் நண்பன்.

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் செய்யுங்கள். சீட்டைத் தொடாதீர்கள்.

சீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நிறுவனம் 5 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (சட்டப்படி 7 சதவீதம் வரை எடுக்கலாம்). 24,000 தள்ளியதில் கமிஷன் 5,000 போக மீதி 19,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 950 ரூபாய். இந்தக் கழிவு சீட்டு எடுத்தவருக்கும் கிடைக்கும், எடுக்காதவருக்கும் கிடைக்கும். அதாவது நீங்கள் இப்போது எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் மாதாமாதம் கட்டுவது ஒரே தொகைதான். மாறுவது கைக்கு வரும் பணம் மட்டும். கடைசி வரை பொறுத்தால் 95,000. இன்று எடுத்தால் சுமார் 76,000. 13 மாதம் முன்கூட்டி எடுப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை 19,000. ஆண்டுக் கணக்கில் இது 22 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி என்ற பெயர் இல்லாததால் உறைப்பதில்லை, அவ்வளவுதான். 9.5 சதவீதத்தில் நகைக் கடன் நிற்கும்போது, 22 சதவீதத்துக்குப் பணம் புரட்டி ஸ்கூட்டருக்குப் போடுவதை என்னால் ஆமோதிக்க முடியாது. சீட்டு முடிந்து வரும் 95,000 நேராக நகைக் கடனுக்குப் போகட்டும்.

சேமிப்பில் இருக்கும் 60,000 உங்கள் இரண்டு மாதச் செலவுக்குக்கூட முழுதாகக் காணாது. அம்மாவுக்குத் தொடர் மருந்து, ஜூனில் பள்ளிக் கட்டணம். அதிலும் கைவைக்க வேண்டாம்.

அப்புறம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 46,000-ல் 34,000 செலவு, சீட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். நகைக் கடன் வட்டியும் போக மாதம் 7,000 சுமார் மிஞ்ச வேண்டும். அதில் 3,000-ஐ வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். மீதி பள்ளிக்கும் அவசரத்துக்கும். நீங்கள் சொன்ன 40,000-ஐ நான் 50,000 என்று எடுத்துக்கொள்வேன். மூடிக் கிடக்கும் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. மாதம் 3,000 என்றால் 17 மாதத்தில் 51,000 சேர்ந்துவிடும்.

ஒன்றரை வருடமா என்று மலைக்காதீர்கள். வீட்டிலேயே செய்வதில் இருக்கும் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டால் அட்வான்ஸ், பாதி வேலையில் ஒரு தொகை, டெலிவரிக்கு ஒரு தொகை என்று அவருடைய வேகத்துக்கு நீங்கள் பணம் புரட்ட வேண்டும். வீட்டில் இருந்தால் பணம் இருக்கும் மாதம் பொருள் வாங்கலாம், இல்லாத மாதம் கழுவலாம், தேய்க்கலாம், கார்பன் சுரண்டலாம். கூலி மிச்சமாவதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் கடிதத்தில் எண்களெல்லாம் இருக்கின்றன, ஆர்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

வண்டி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. அது கடந்துவிட்டாலும் வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு போங்கள். அம்மா ஒரு வாரிசு. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் வாரிசுகள். பணத்தைக் கொட்டிய பிறகு கையெழுத்துக்குப் போய் நிற்பதைவிட இப்போதே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அப்பாவின் வண்டி என்ற பிரியம் உங்களுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்றில்லையே.

அடுத்தது புதுப்பித்தல். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு அதற்கான மத்தியக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. இவையெல்லாம் தாங்கக்கூடிய தொகைகள்தான். கடிக்கக்கூடியது தாமதக் கட்டணம். 2022 முதல் இருசக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய் என்று விதியில் இருக்கிறது. வருடத்துக்கு 3,600. எந்தத் தேதியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த ஒரு கட்டணமே உங்கள் இன்ஜின் செலவை எட்டிவிடலாம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய புத்தக ஆர்சி என்பதால் வண்டியின் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறவில்லை என்றால் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றித் தரச் சொல்லி மனு கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் 'வின்டேஜ் பதிவு வாங்கிவிடு' என்று யோசனை சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருடம் முடிந்த வண்டிக்குத்தான். உங்கள் வண்டி 2034-ல்தான் அந்த வயதை எட்டும். புதிதாக அந்தப் பதிவு வாங்கக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்குப் பிறகும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போய்வர ஆசைப்படுபவருக்கு அது சரிப்படாது.

சரி, காகிதம் தேறிவிடும் என்று தெரிந்துவிட்டது. இப்போது இன்ஜின்.

முழுதாகப் பிரித்து, கழுவி, அளந்து பார்க்கும்வரை ஒரு பொருளும் வாங்காதீர்கள். வீட்டில் வேலை செய்பவர்கள் பணத்தை விடுவது ஒரே பொருளை இரண்டு தடவை வாங்குவதில்தான். பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்டு அளவில் வாங்கி வைத்துவிட்டுச் சிலிண்டரைப் பார்த்தால் அது முன்பே போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, பெரிதாக்கியதாக இருக்கும். அதனால் முதலில் லேத் பட்டறையில் சிலிண்டரை அளக்கச் சொல்லி, எந்த ஓவர்சைஸ் தேவை என்று கேட்டு, அந்த பிஸ்டனை வாங்கி, பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் அடிப்பவர்தான் நல்ல லேத்காரர். கோவையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில், பிஸ்டனோடு அதை இணைக்கும் கனெக்டிங் ராடு ஆடினால் அதை வீட்டில் முயல வேண்டாம். அழுத்திப் பிரித்து, புது ராடு கிட் போட்டு, கோணல் இல்லாமல் நிமிர்த்த பிரஸ்ஸும் டயல் கேஜும் வேண்டும். அந்தக் கூலி கொடுக்கத்தக்க கூலி. மற்றபடி கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், பாயிண்ட், கண்டென்சர், கேபிள், பிரேக் ஷூ எல்லாம் ஐடிஐ படித்த உங்கள் கைக்கு அடங்கியவை. மேக்னெட் புல்லர், கிளட்ச் நட்டுக்கான காடி வெட்டிய சாக்கெட் போன்ற ஒருநாள் கருவிகளைச் சொந்தமாக வாங்காதீர்கள். போர் வேலையும் கிராங்க் வேலையும் கொடுக்கும் பட்டறையிலேயே இரவல் கேளுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஆயில் சீல். கிராங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் காற்றோடு ஒப்பிடக் குறைந்து, சூடேறி, பிஸ்டன் ஜாமாகிவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக எரியும். விலை மலிவான ரப்பர் வளையம் ஒன்று கெட்டுப் புது பிஸ்டன், புது போர் எல்லாம் வீணாவதை எத்தனையோ வண்டிகளில் பார்க்கலாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதைத் தாங்காது. சீல், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் முழு இன்ஜின் கேஸ் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். சேத்தக்கில் இன்ஜின் எண் அந்தக் கேஸில்தான், பின் ஷாக் அப்சார்பர் பக்கம் அடித்திருக்கும். கேஸ் மாறினால் ஆர்சியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது, ஆய்வில் நின்றுவிடும். அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால் கதையே வேறு. டிங்கரிங் ஆளிடமும் சேஸிஸ் எண்மேல் கிரைண்டர் படக் கூடாது, பட்டி பூசக் கூடாது என்று கையால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

பெயிண்ட் கடைசிதான். 26,000 ரூபாய் வேலையை முதலில் செய்துவிட்டு, இன்ஜினுக்குப் பணம் இல்லாமல் பளபளவென்று நிற்கும் வண்டிகள் ஏராளம். இன்ஜின், பிரேக், விளக்கு, ஹாரன் சரியானதும் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எடுத்து, ஆய்வுக்குக் காட்டி, ஆர்சியை வாங்குங்கள். சேத்தக் 150 சிசிக்குள் வருவதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வருடம் 714 ரூபாயும் ஜிஎஸ்டியும். வேறு பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இல்லை என்றால் அதையும் சேர்க்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். ஆனால் இவ்வளவு பழைய வண்டிக்கு நீங்கள் போட்ட 50,000-ஐ ஈடுகட்டும் காப்பீடு கிடைப்பது அரிது. திருடு போனால் போனதுதான் என்ற கணக்கில் நல்ல பூட்டும் மூடிய இடமும் பட்ஜெட்டில் இருக்கட்டும். பெயிண்ட் அடிக்கும்போது ஆர்சியில் உள்ள நிறத்தையே அடியுங்கள். உங்கள் உரிமம் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றால் அதையும் இதற்குள் மாற்றிவிடுங்கள்.

நண்பர் சொன்ன முதலீட்டு விஷயம். அப்பா வாங்கிய காலத்தில் அவர் சொல்வதில் உண்மை இருந்தது. சேத்தக்குக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கைக்கு வந்த வண்டியை மறுநாளே விற்றால் ஷோரூம் விலைக்கு மேல் கிடைத்தது. ஸ்கூட்டரைச் சொத்து என்று நம் வீடுகளில் பேசும் பழக்கம் அந்தப் பற்றாக்குறையில் வந்தது. இன்று நிலைமை வேறு. 1972-ல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஏராளமாக ஓடிவந்த மாடல் இது, அரிதான பொருள் இல்லை. விளம்பரத்தில் போடும் ஒன்றரை லட்சம் விற்பவர் கேட்கும் விலை. வாங்கியவர் கொடுத்த விலை என்ன என்று அங்கே இருக்காது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை என்றாவது லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி வராது என்பது உண்மை. நஷ்டம் வந்தால் வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் அது வியாபார வருமானம். நீங்கள் விற்கப்போவதில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் இதைப் பிரியத்துக்குச் செய்யும் செலவு என்று எழுதி வையுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. குடும்பத்துக்கு ஆகும் மற்றச் செலவுகளைப் போல, கடன் இல்லாமல் செய்தால் போதும்.

தாமதக் கட்டணமும் வரியும் சேர்ந்து 15,000-க்குள் வந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். பட்ஜெட் 65,000 ஆகும், 22 மாதம் பிடிக்கும். அதற்கு மேல் மிக அதிகமாகச் சொன்னால் பெயிண்ட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். ஆர்சியே கிடைக்காது என்று ஆகிவிட்டால் இன்ஜினைத் திறக்காதீர்கள். கழுவி, துரு எடுத்து, வீட்டு முகப்பில் நிறுத்திவைக்க நாலைந்து மாதச் சேமிப்பு போதும். சீட்டுக்காரரிடம் இந்த மாதம் ஏலம் கேட்கப்போவதில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள்.