வாக்கர், ஃபுல்லர், டக்கர், வெப்ஸ்டர் - வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம். நான் இங்கிலாந்துல லீட்ஸ்ல வேலை பாக்குறேன். என் டீம்ல ஒருத்தர் வாக்கர், ஒருத்தர் ஃபுல்லர், மேனேஜர் பேரு வெப்ஸ்டர், போன மாசம் டக்கர்னு ஒருத்தர் புதுசா சேர்ந்திருக்கார். டெய்லர், ஸ்மித், பேக்கர் எல்லாம் தொழில் பேருன்னு தெரியும், இதெல்லாம் என்ன? வாக்கர்னா அந்தக் காலத்துல தபால் தூக்கிட்டு நடந்தவங்களா? வெப்ஸ்டர்ல வர்ற 'ஸ்டர்'தான் கேங்ஸ்டர்லயும் வருதா? லன்ச்ல பேச்சு வந்தப்போ அவங்களுக்கே தெரியல. நேரம் இருந்தா எழுதுங்க.
- ஒரு வாசகி, லீட்ஸ்

வணக்கம்மா. இந்த நாலு பேரையும் ஒண்ணா பாத்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா நாலுமே கம்பளித் துணித் தொழில்லேர்ந்து வந்த பேருங்க. அதுலயும் வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூணு பேரோட முன்னோர்களும் செஞ்சது ஒரே வேலை. ஊருக்கு ஊர் அதுக்குப் பேருதான் வேற.

தறியிலேர்ந்து எறக்கின கம்பளித் துணிய அப்படியே உடுத்த முடியாது. நெசவு லூசா இருக்கும், ஆட்டு ரோமத்துல இருக்குற பிசுக்கு, நூல் நூக்கும்போது தடவின எண்ணெய் எல்லாம் அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால துணிய ஒரு தொட்டியில போட்டு, தண்ணியும் களிமண்ணும் பழைய மூத்திரமும் ஊத்தி மணிக்கணக்கா மிதிப்பாங்க. மூத்திரம் நாள்பட்டா அதுல அமோனியா வந்துடும், அது பிசுக்க வாங்கிடும். மிதிக்க மிதிக்க ரோமம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு துணி சுருங்கி, தடிச்சு, குளிர் தாங்குற துணியா ஆகும். அந்தக் களிமண் எதுன்னா, நம்ம வீட்டுல மூஞ்சிக்குப் போடுறோமே முல்தானி மிட்டி, அந்த வகைதான். அதுக்கு இங்கிலீஷ்ல பேரே ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது ஃபுல்லரோட மண்ணு. உங்க டீம்ல இருக்குற அதே ஃபுல்லர்.

ஃபுல்லர்ங்கற வார்த்தை லத்தீன்லேர்ந்து வந்தது. ரோமாபுரியில இது பெரிய தொழில், இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் நகரத்தத் தோண்டினப்போ இந்தப் பட்டறைங்க தொட்டியோட கிடைச்சிருக்கு, மூத்திரத்துக்கே வெஸ்பாசியன் பேரரசர் வரி போட்டார்னா எவ்வளவு தேவை இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க. டக்கர் பழைய இங்கிலீஷ் வார்த்தை, அதோட வேர்ல வதைக்கிறது, பாடாப் படுத்துறதுன்னு அர்த்தம் இருக்கு. துணிய அப்படித்தானே பண்ணினாங்க.

இப்ப வாக்கர். துணி மேல நடந்து நடந்து மிதிச்சதால வாக்கர்னு பல இடத்துல எழுதியிருப்பாங்க. கேக்க அழகா இருக்கு, ஆனா அதுல வரிசை தலைகீழா இருக்கு. பழைய இங்கிலீஷ்ல 'வாக்'ங்கற அந்த வினைச்சொல்லுக்கு உருட்டுறது, புரட்டுறதுன்னுதான் அர்த்தம், கடல் அலை புரளுறதுக்கெல்லாம் அந்த வேர்தான். துணிய உருட்டிப் புரட்டிக் கசக்குறவருக்கு வாக்கர்னு பேரு அப்பவே வந்தாச்சு. கால்நடையாப் போறதுங்கற அர்த்தம் அந்த வார்த்தைக்கு அதுக்கும் பின்னாடி, 13-ஆம் நூற்றாண்டு வாக்குலதான் ஒட்டிச்சு. ஜெர்மன்ல இன்னிக்கும் அந்த வினை துணி, தோல் கசக்குற வேலையத்தான் குறிக்குது, நடக்குறதுக்கு அவங்க வேற வார்த்தை வெச்சிருக்காங்க. ஜானி வாக்கர் பாட்டில்ல தொப்பி போட்டு விறுவிறுன்னு நடக்குற ஆள் 1908-ல டாம் பிரவுன்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் வரைஞ்சது. பேர வெச்சுப் போட்ட படம், நல்ல படமும்கூட, ஆனா பேரோட கதை அது இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம், இந்தப் பேருங்களே ஒரு மேப் மாதிரி இருக்கும். லண்டனுக்குக் கிழக்க, தெற்க எசெக்ஸ், சஃபோக், கென்ட், சசெக்ஸ் பக்கம் ஃபுல்லர். டெவன், சாமர்செட்னு தென்மேற்குப் பக்கம் டக்கர். உங்க யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கமும் ஸ்காட்லாந்துலயும் வாக்கர். எக்ஸிட்டர்ல 1471-ல கட்டின டக்கர்ஸ் ஹால் இன்னும் நிக்குது, நெசவாளரும் டக்கரும் துணி கத்தரிக்கிறவங்களும் சேர்ந்த சங்கத்தோட கட்டடம். அந்தக் கத்தரிக்கிறவங்க வழி வந்த பேருதான் ஷெர்மன். வேல்ஸ்ல இப்படித் துணிய அடிச்சுத் தடிக்க வைக்கிற மில்லுக்கு வேற வார்த்தை, அதுலேர்ந்து வந்த ஊர்ப் பேருதான் டோனிபாண்டி.

ஒண்ணு கவனிக்கணும். பேரு அப்பாகிட்டேர்ந்து புள்ளைக்குப் போற குடும்பப் பேரா நிலைச்சது பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுல. அதுக்கு முன்னாடியே பல ஊர்ல காலால மிதிக்கிறது போயி, தண்ணியில ஓடுற மரச் சம்மட்டி வந்துடுச்சு. 1185-ல டெம்ப்ளர் துறவி வீரர்களோட சொத்துக் கணக்கு எடுத்தப்போ அப்படி ஒரு மில் பதிவாகியிருக்கு, எங்கன்னு நெனைக்கிறீங்க, உங்க லீட்ஸ்ல இருக்குற டெம்பிள் நியூசம்லதான். அதனால உங்க வாக்கரோட முப்பாட்டன் தொட்டியில எறங்கி மிதிச்சவரா இல்லாம, மில்லு ஓட்டினவராவும் இருந்திருக்கலாம்.

சரி, வெப்ஸ்டர். பழைய இங்கிலீஷ்ல ஆண் நெய்யுறவர் வெப்பா, அதான் இன்னிக்கு வெப்னு குடும்பப் பேரா இருக்கு. நெய்யுற பொம்பளைக்கு 'ஸ்டர்' போட்டு வெப்ஸ்டர். இதே மாதிரி ரொட்டி சுடுறவ பேக்ஸ்டர், சாராயம் இல்ல, வீட்டுல ஏல்ங்கற பீர் காய்ச்சுறவ ப்ரூஸ்டர், ரோமம் சீவுறவ கெம்ப்ஸ்டர், நூல் நூக்குறவ ஸ்பின்ஸ்டர். ஏல் காய்ச்சுறது இங்கிலாந்துல ரொம்ப காலம் பொம்பளைங்க கையிலதான் இருந்துச்சு, 1348-ல வந்த பெரிய பிளேக் கொள்ளைநோய்க்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல ஆம்பளைங்க கைக்குப் போச்சு.

அதுக்காக ஒவ்வொரு வெப்ஸ்டர் குடும்பத்துக்கும் மூலத்துல ஒரு பாட்டி தறி ஓட்டினான்னு சொல்லிட முடியாது. வடக்குல அந்த 'ஸ்டர்' சீக்கிரமே ஆண் பெண் வித்தியாசம் இல்லாம பொதுவாயிடுச்சு. டெம்ப்ஸ்டர்னா தீர்ப்பு சொல்றவர், ஐல் ஆஃப் மேன் தீவுல நீதிபதிக்கு இன்னும் டீம்ஸ்டர்னுதான் பேரு. ஆனாலும் அந்த ஒட்டு அங்க வந்ததே பொம்பளைங்க உழைச்ச உழைப்பால. நெலம், பத்திரம், வரின்னு எல்லாத்துலயும் ஆம்பளை பேரே எழுதின காலம் அது, அதுல அவங்க தொழில் இப்படி ஒரு பேரோட வால்ல பொழச்சு நிக்குறத நான் பெருசா மதிக்கிறேன். ஸ்பின்ஸ்டருக்கு நடந்ததுதான் மனசுக்குக் கஷ்டம். நூல் நூத்து சொந்தக் கால்ல நின்னவளோட பேரு 17-ஆம் நூற்றாண்டுல சட்டத்துல கல்யாணம் ஆகாதவள்னு ஆகி, அப்புறம் ஏளனமாவே ஆயிடுச்சு. இங்கிலாந்து கல்யாணப் பதிவேட்டுலேர்ந்து 2005-லதான் அதை எடுத்தாங்க.

நீங்க கேட்ட கேங்ஸ்டர், யங்ஸ்டர் எல்லாம் அதே ஒட்டுதான், பொம்பளைங்கற அர்த்தம் உதிர்ந்துபோன பிறகு சேத்தது. மான்செஸ்டர், லெஸ்டர் இதுல சேராது, அது ரோமானியப் படை முகாமுக்கான லத்தீன் சொல்லு.

உங்க பக்கம் லிஸ்டர்னு யாராவது வந்தா விடாதீங்க. அதுவும் யார்க்‌ஷயர்ல நெறைய உண்டு, சாயம் போடுறவர்னு அர்த்தம், வைக்கிங் காலத்து வட நாட்டு வார்த்தையோட அதே 'ஸ்டர்' சேர்ந்தது. ஆபரேஷன்ல கிருமி கொல்லி மருந்து கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டர் பேரும் அதுதான், அவர் நினைவா வெச்ச பேருதான் மெடிக்கல் ஷாப்ல விக்கிற லிஸ்டரின்.

நேரம் கெடச்சா அந்த நாலு பேரையும் கூட்டிக்கிட்டு ஆர்ம்லி மில்ஸ் போயிட்டு வாங்க, இப்ப அது லீட்ஸ் தொழில் மியூசியம். ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய கம்பளி மில்லா இருந்த இடம், அதுக்கு முன்னாடி துணி தட்டுற மில். டக்கர்கிட்ட அவங்க தாத்தா வீடு டெவன் பக்கமான்னு கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.