அவள் வரும் பஸ்ஸை விட்டு மாறினால் முதல் காதல் மறந்துவிடுமா?

தினமும் காலேஜுக்கு அவள் வரும் பஸ்ஸிலேயே போகவேண்டியிருக்கிறது, வேறு பஸ்ஸுக்கு மாறினால் மறந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாறாதீர்கள். நான் மாறிப் பார்த்தவள்.

2016 முதல் 2019 வரை பாளையங்கோட்டையில் படித்தேன். வீடு நாசரேத். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி போகும் காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட். அவன் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறுவான். ஆழ்வார்திருநகரி தாண்டி வாழைத்தோட்டங்கள் வந்ததும் என் கை தானாகவே மடியில் இருக்கும் பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிடும். அவனுக்கு இடம். டிபன் பாக்ஸ் மூடியில் மிளகாய்ப்பொடியும் உப்பும், உள்ளே கொய்யாத்துண்டு. பாளையங்கோட்டை வரும்வரை பேசிக்கொண்டே போவோம். எங்கள் காதல் முழுக்க அவ்வளவு தூரத்துக்குள்தான். கையைக்கூடப் பிடித்ததில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பரில், "எங்க வீட்ல ஒத்துக்கவே மாட்டாங்க, இதோட நிறுத்திக்குவோம்" என்றான். மறுநாள் பக்கத்துப் பெட்டியில் ஏறினான்.

அவன் நம்பரை அழித்தேன். அது சரிதான், நீங்களும் செய்யுங்கள். ஆனால் பஸ்ஸுக்கு மாறியது தப்பு. ரயில் போகும் நேரமெல்லாம் மனசு ரயிலிலேயே இருந்தது. இப்போது எங்கே வந்திருக்கும், யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று கண்ணால் பார்க்காததையெல்லாம் கற்பனை செய்து அழுதேன். இரண்டு மாதம் அப்படியே போனது. விஷயம் எதுவும் தெரியாத அம்மாதான், "ஏட்டி, சீசன் டிக்கெட்டுக்குத் துட்டு கட்டியாச்சு. ரயில் உன்னை என்ன செஞ்சிச்சு?" என்று சத்தம் போட்டாள்.

திரும்ப ஏறிய முதல் நாளும் கை பழக்கத்தில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டது. பனங்கிழங்குக் கூடையோடு வந்த ஒரு பாட்டி, "பைய எடும்மா" என்று உட்கார்ந்தார். அப்புறம் தினமும் அவர்தான் அங்கே. அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை உருவி, நார் உரித்து என் கையில் தருவார். அவன் பக்கத்துப் பெட்டியில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முதல் வாரம் தொண்டை அடைத்தது. பரீட்சை வருவதற்குள், ஸ்ரீவைகுண்டம் வந்தும் பாட்டியோடு பேச்சை நிறுத்தாமல் இருந்த நாட்கள் வந்துவிட்டன.

முழுசாக எப்போது ஆறியது என்று கேட்டால், 2023 டிசம்பரில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளத்தின்போதுதான் எனக்கே தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. அடியில் இருந்த ஜல்லிக்கற்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் சென்னையில். நாசரேத்தில் அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. அந்தப் பயணிகள் சாப்பிட்டார்களா, அம்மா மாடிக்கு ஏறியிருப்பாளா, இதே நினைப்பு. மூன்றாம் நாள்தான், அது அவன் ஏறும் ஸ்டேஷன் என்பதே ஞாபகம் வந்தது.

அவன் வீட்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பிறகு மறுபடியும் அம்மா நம்பரை அழுத்தினேன்.