மெலனோமாவுக்குப் பின்: கைபேசி எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. இடது உள்ளங்காலில் வந்த மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைச் சென்ற ஆண்டு அறுவைசிகிச்சை செய்து அகற்றினார்கள். மாதம் ஒருமுறை உடல் முழுவதும் தோலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியும் அம்மா மறந்துவிடுகிறார். அவர் கரூரில் இருக்கிறார். இணையவழி உதவிகள் இதற்குப் பயன்படுமா? படம் எடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளை நம்பலாமா?
- வாசகி, சென்னை

பதில்: அந்தச் செயலிகளை நம்ப வேண்டாம். அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, அவற்றைக் கொண்டு எல்லா மெலனோமாவையும் கண்டறிந்துவிட முடியாது என்றே முடிவு கூறியது. செயலி 'ஆபத்தில்லை' என்று சொன்னதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார்களே என்பதுதான் என் பெரிய அச்சம்.

ஆனால், பரிசோதிக்கும் பழக்கத்தை உண்டாக்க இணையம் உதவும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் புற்றுநோய் மையத்தினர், மெலனோமா சிகிச்சை பெற்றவர்களுக்கென்றே 'மைஸ்மார்ட்ஸ்கின்' என்ற இணையவழித் திட்டத்தை உருவாக்கினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்களில் கூடுதலானோர் தம் தோலை முழுமையாகப் பரிசோதித்துக்கொண்டார்கள். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினரை மனத்தில் வைத்து, வெயிலிலிருந்து காத்துக்கொள்வதற்கும் முக்கிய இடம் தருகின்றன. நம்மைப் போன்ற கருந்தோலினருக்கோ மெலனோமா வரும்போது, வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் நல்லவைதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அவை மட்டும் போதா.

எனவே கைபேசியில் மாதாமாதம் ஒரே தேதிக்கு நினைவூட்டல் வைத்து, அன்று நீங்களே காணொளி அழைப்பில் அவருடன் இருங்கள். அறுவைத் தழும்பிலும் அதைச் சுற்றிலும் புதிய கருமையோ கட்டியோ உண்டா என்று பார்த்தபின், அங்கிருந்து காலின் மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போய், தோலுக்கடியில் சிறு முடிச்சுகள் தட்டுப்படுகின்றனவா, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். மறு பாதம், உள்ளங்கைகள், விரலிடுக்குகள், முதுகு என எதையும் விட்டுவிடக் கூடாது. மெட்டி அணிந்திருந்தால் கழற்றிவிட்டுப் பார்க்கட்டும். நகத்தில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடு அகலமானாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ கவனிக்க வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் இவற்றை மறைத்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஆறாத புண்ணைக் கால் ஆணி என்றோ பித்தவெடிப்பு என்றோ எண்ணி வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

சந்தேகமான இடத்தை நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், தெளிவு குறையாது. அந்தப் படங்கள் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான். மாற்றம் எதுவும் தென்பட்டால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லுங்கள்.