ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஜிபியிலிருந்து மெசேஜ்: கவென்ட்ரி அக்காவின் பதில்

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நீ கேட்டது மூன்று. சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஜிபி சர்ஜரியிலிருந்து, அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கிலிருந்து, மெசேஜ் வந்திருக்கிறது, சேரலாமா? சேர்ந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார், வருமா? பையனுக்கு இங்கிலாந்தின் இந்தக் கவென்ட்ரி நகரில் எந்தப் பள்ளி நல்லது? பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல ஆள் நிறைய வருவார்கள், ஆளுக்கொரு போஸ்ட்கோடு சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

விசாவை முதலில் முடித்துவிடலாம். ஆராய்ச்சியில் சேர்வதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உன் வீட்டுக்காரரின் பயம் சும்மா வந்ததல்ல. விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களைத் தேட, என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பதிவிலிருந்து முகவரி போன்ற விவரங்களை, விசாவைப் பார்க்கும் ஹோம் ஆபீஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்று 2017-ல் வெளியே தெரிந்தது. டாக்டர்களும் நாடாளுமன்றக் குழுவும் சத்தம் போட்டு, 2018-ல் அதைப் பெரும்பாலும் நிறுத்த வைத்தார்கள். நீங்கள் முறையான விசாவில், பெரியவர்களுக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு என்று, என்எச்எஸ் வைத்தியத்துக்கான ஹெல்த் சர்சார்ஜை விசாவோடு முன்கூட்டியே கட்டிவிட்டு வந்தவர்கள். நாங்கள் 2003-ல் வந்தபோது அப்படி ஒரு கட்டணமே கிடையாது. 2015-ல் 200 பவுண்டில் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறது. அதற்கு மேல் சம்பளத்தில் வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடிக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, விடு.

இனி ஆராய்ச்சி. நீ இருக்கிற ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1969-ல் கவென்ட்ரியில் 21 தெற்காசியப் பெண்களுக்குத் தினமும் வீடு தேடிச் சப்பாத்தி வந்தது. சின்னச் சின்ன உபாதைக்கு டாக்டரிடம் போனவர்கள் அவர்கள். சப்பாத்தி மாவில் கதிரியக்க இரும்பு கலந்திருந்தது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கு. பிறகு ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போய் அளந்தார்கள். மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பின் பணத்தில் நடந்த ஆய்வு. இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாத அந்தப் பெண்களுக்குப் புரியும்படி விளக்கிச் சம்மதம் வாங்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 1995-ல் சேனல் 4 டிவி படமெடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 2023-ல் கவென்ட்ரி எம்பி டைவோ ஒவாடெமி விசாரணை வேண்டும் என்று மறுபடி கிளப்பினார். எங்கள் தெருவில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருக்கிறார். யாராவது படிவத்தை நீட்டினால் இன்றைக்கும் முதலில் மகனுக்குத்தான் போன் போடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரியா என்றால், இல்லை. இன்று எந்த ஆய்வும் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த பிறகுதான் நோயாளியிடம் வர முடியும். அந்தக் குழுவில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களும் உட்கார வேண்டும். இன்னொன்று, நம்மை அளந்து பார்க்காமல் விட்டாலும் நமக்குத்தான் நஷ்டம். கோவிட் சமயத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே, அந்த ஆக்ஸிமீட்டர் கறுத்த தோலில் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அரசு அமைத்த மார்கரெட் வைட்ஹெட் குழு 2024-ல் எழுதி வைத்திருக்கிறது. எடைக் கணக்கும் அப்படித்தான். பொதுவாக பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25-க்கு மேல் போனால்தான் எடை கூடுதல் என்பார்கள். நமக்கு 23-லேயே சர்க்கரை அபாயம் ஏற ஆரம்பிக்கிறது, 27.5-ல் அதிகம் என்று, இங்கே சிகிச்சைக்கு வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2013-ல் சொன்னது. நம்மைப் போன்றவர்களை அளந்து பார்த்ததால் கிடைத்த எண்கள் அவை. ஆனால் லண்டனின் சவுத்தாலிலும் பிரென்ட்டிலும் 1988-லிருந்து சேர்த்துத் தொடர்ந்த பெரிய ஆய்வில் இந்தியர் என்றால் பெரும்பாலும் பஞ்சாபிகள். கிழக்கு லண்டனில் ஆரம்பித்த ஜீன்ஸ் அண்ட் ஹெல்த் என்ற மரபணு ஆய்வு பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினருக்கானது. தமிழர்கள் எங்கே என்று தேடினால், படிவத்தில் "மற்ற ஆசியர்" என்ற கட்டத்துக்குள் ஈழத்துக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஆட்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போனால் சென்னையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப், திரும்பும்போது சூட்கேஸில் ஆன்டிபயாட்டிக். இங்கே ஜிபியிடம் வாயைத் திறக்கமாட்டார்கள். பொங்கல் விழாவில் நம் டாக்டர் ஒருவர் சர்க்கரையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், எல்லாரும் கைதட்டிவிட்டு நேராகப் பாயசத்துக்குப் போவார்கள். ஆய்வுக்குப் பெயர் கொடுங்கள் என்றால் அந்த டாக்டரின் சொந்த மச்சானே காணாமல் போய்விடுவார்.

எச்சரிக்கை சொல்ல வேண்டிய இடம் வேறு. படிக்க வந்த பிள்ளைகள் வாடகைக்குப் பணம் தேடி, காசு கொடுக்கும் மருந்து சோதனைக்குப் போகிறார்கள். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் தனியார் நிறுவனம் நடத்திய சோதனையில், ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற மருந்தைச் சில நிமிஷ இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். மனிதர்களுக்கு அதுதான் முதல் முறை. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்க ஆரம்பித்தன. உயிர் பிழைத்தார்கள், ஒருவருக்கு விரல்கள் போயின. அவர்களுக்குப் பேசிய தொகை 2,000 பவுண்டு. விதிகளை அதன் பிறகு இறுக்கினார்கள். இருந்தாலும் என் தம்பி யாராவது இதற்குப் போகிறேன் என்றால் ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவேன். உனக்கு வந்திருப்பது அந்த ரகம் அல்ல, ரத்தம் எடுத்து, கேள்வித்தாள் கொடுத்து, சில வருஷம் தொடர்வது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெகவரி என்ற கோவிட் மருந்து ஆய்வில் என்எச்எஸ் நோயாளிகள் சேர்ந்ததால்தான், நம் ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து, கோவிட் வந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அந்த ஜூன் மாதமே தெரிந்தது. அதன் பலன் மதுரைக்கும் போனது.

நான் இதிலெல்லாம் எப்படி வந்து மாட்டினேன் என்று கேட்கிறாயா? மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. ஜனவரிக் குளிர், இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் கேள்வியை என் கணவரைப் பார்த்துக் கேட்பார், இவரும் பெரிய மனுஷராக எனக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். எனக்கு மலச்சிக்கல் என்பதை இவர் சொல்லக் கூச்சப்பட்டு "எல்லாம் நார்மல்" என்றார். டயட்டீஷியன் கொடுத்த தாளில் உருளைக்கிழங்கு மசியலும் கஞ்சி ஓட்ஸும் இருந்தன. இட்லி எத்தனை சாப்பிடலாம் என்று கேட்டேன், அந்த அம்மாவுக்கு இட்லி என்றால் என்னவென்று தெரியவில்லை. கையால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

பத்து வருஷம் கழித்து ஓர் ஆய்வுக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாகக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிக்கு ஆளாகச் சேர்வது ஒன்று, ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று சொல்லும் மேஜையில் உட்காருவது வேறு. இரண்டாவதை நம்மில் யாரும் கண்டுகொள்வதே இல்லை. முதல் நாள் நீட்டிய உணவுக் கேள்வித்தாளில் சோற்றுக்கு ஒரு கட்டம், ரொட்டிக்கு ஆறு கட்டம். இட்லி, தோசை, இடியாப்பம் மூன்றையும் நான் சேர்க்கச் சொன்னேன். விரதம் என்றால் ரம்ஜான் மட்டும் போட்டிருந்தார்கள், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் சாப்பிடாமல் மாத்திரை போடுகிறவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேராசிரியர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமை அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த வேலைக்கு நேரத்துக்குத் தக்க பணமும் தருவார்கள், ஆனால் அது வருமானக் கணக்கில் வரும். விசாவில் வேலைக் கட்டுப்பாடு இருந்தால், ஸ்டூடன்ட் விசாக்காரர்கள் முக்கியமாக, வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உன் சர்ஜரியிலேயே பேஷன்ட் பார்ட்டிசிபேஷன் குரூப் என்று, நோயாளிகள் கூடிக் கருத்துச் சொல்லும் குழு இருக்கும். 2015-லிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்ஜரியும் வைத்தாக வேண்டும். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள், கார் பார்க்கிங்கைப் பற்றியே பேசுவார்கள், பொறுத்துக்கொள்.

சரி, உன் மெசேஜ். அதில் உள்ள லிங்க்கை அமுக்காமல் சர்ஜரிக்கு போன் செய்து உண்மையா என்று கேள். வங்கி விவரமோ பணமோ கேட்டால் அது மோசடி. உண்மை என்றால் தகவல் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து படி, அங்கேயே கையெழுத்துப் போட யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், கம்பெனிகளுக்குக் கொடுப்பார்களா, உடம்பில் ஏதாவது தெரிந்தால் உனக்குச் சொல்வார்களா என்று கேள். பாதியில் விலகினாலும் உன் வைத்தியத்தில் கை வைக்க முடியாது. இதில் சேராவிட்டாலும், உன் மருத்துவப் பதிவு பெயரோடு ஆராய்ச்சிக்குப் போக வேண்டாம் என்றால் வேண்டாம் என்று பதிவு செய்ய நேஷனல் டேட்டா ஆப்ட்-அவுட் இருக்கிறது, என்எச்எஸ் இணையதளத்திலேயே செய்யலாம்.

முதல் சந்திப்புக்குத் தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடு. வீட்டுக்காரர் வெளியே இருக்கட்டும். பார்க்கிங் காசு எப்படியும் அவர்தான் கட்டப் போகிறார்.