ஆண்டு மதிப்பீட்டில் 5-க்கு 2: வேலையை விடலாமா?

தம்பி, மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், இந்த முறை மதிப்பீட்டில் 5-க்கு 2, போனசும் சுருங்கிவிட்டது, ராஜினாமா கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் கடிதம் கொடுக்காதீர்கள்.

மானேஜர் சொன்ன முதல் குறை 'எஃப்எஃப்ஏ அடிக்கடி ஏறுகிறது', அதாவது எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் கட்டற்ற கொழுப்பு அமிலம். பழம் அடிபட்டாலோ, வெட்டிய குலை நாள்கணக்கில் கிடந்தாலோ எண்ணெயில் அது ஏறத்தான் செய்யும். நீங்கள் அளப்பவர், ஏற்றுபவர் இல்லை. லாரி வந்த நேரத்தையும் உங்கள் ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எடுத்துப்போய்ப் பணிவாகப் பேசுங்கள். 'ரிப்போர்ட் தாமதம்' என்பது மட்டும் உங்கள் தலையில்தான், அதற்குச் சாக்கு தேட வேண்டாம்.

பாதை மாற்றுவது தனிக் கதை. ஆய்வுக்கூட உதவியாளருக்கு ஆலையில் ஏணி குட்டை என்பது என் அபிப்பிராயம். கொதிகலன் பக்கம் பாருங்கள். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எடுத்தால்தான் ஆலை ஓடும். ஜேகேகேபி என்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்தான் அதற்குப் பொறுப்பேற்க முடியும். வேர்வை உண்டு, ஷிஃப்ட் உண்டு, ஆனால் சபா வரை வேலை கேட்கலாம். பிடிக்காவிட்டால், அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழை வாங்கும் பிபிடி முறையை, திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயில் விசாரியுங்கள்.

அப்புறம், 'ராஜினாமாவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று ஆலையில் நெருக்கினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் புகார் செய்யலாம். தானாக விலகியவருக்கு அது கஷ்டம்.

சிங்கப்பூரா? அறை வாடகையைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று எழுதுங்கள், பேசுவோம்.