மலிவு நவிகேஷனும் ரிவர்ஸ் கமராவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வழிகாட்டும் திரையும் பின்பக்கக் கமராவும் ஒரே பெட்டியில் மலிவாக வரும் சாமான்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மலிவானதை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த இரண்டில் உயிரோடு சம்பந்தப்பட்டது கமராதான். வழி தவறினால் சந்தியில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பின்னால் நிற்கும் பிள்ளை தெரியாமல் போனால் என்ன செய்வது? காசைப் பங்கிடும்போது கமராவுக்கும் அதன் வயரிங்குக்கும் முதலிடம் கொடுங்கள்.

அண்ணா, முன் கண்ணாடியில் ஒட்டுகிற 7 அங்குல நவிகேஷன் ஒன்று கமராவோடு சேர்த்து விலை குறைவாகக் கிடைக்கிறது. இலங்கை மேப் உள்ளே இருக்கிறதாம். நம்பலாமா? (காத்தான்குடி)

மேப் இருக்கும் தம்பி. எந்தக் காலத்து மேப் என்பதுதான் கேள்வி. இந்த வகைச் சாதனங்களில் மேப் மெமரி கார்டிலோ உள் நினைவகத்திலோ ஏற்றப்பட்டிருக்கும். யாராவது புதுப்பித்தால்தான் புதுசாகும். பெட்டியில் எழுதியிருக்கும் வருஷத்தை நம்பாதீர்கள். கடையிலேயே ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு வழி கேட்டுப் பாருங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தால் நேரே போகச் சொன்னால் மேப் அதற்குப் பிந்தியது. மட்டக்களப்பு நகருக்குள் போய், வலையிறவால் வவுணதீவுக்கு ஏறி, சுற்றிக்கொண்டு வரச் சொன்னால் அது பழைய மேப். பிறகு உங்கள் ஒழுங்கையைத் தேடுங்கள். பிரதான வீதி எல்லா மேப்பிலும் இருக்கும், உள் ஒழுங்கைதான் வேறுபாட்டைக் காட்டும்.

அடுத்தது, சாதனத்தை வெளியே வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொங்கிறீட் கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். சரியாக வேலை செய்யாது, அதற்காகச் சாதனத்தைக் குறை சொல்ல முடியாது. முதல் தடவை போடும்போது செய்மதிகளின் தகவலை வாங்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையும் செய்மதியிலிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். திறந்த வெளியில் கால் மணித்தியாலம் வைத்தும் இடம் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். சில மலிவுத் திரைகள் நேராகப் பார்த்தால்தான் தெரியும், ட்ரைவர் இருக்கும் பக்கத்திலிருந்து சரிந்து பார்த்தால் நிறம் மாறி மங்கிவிடும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. இந்த ஒட்டு வகைகளுக்குள் லித்தியம் பற்றரி இருக்கும். நம்மூர் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போனால் பற்றரி வீங்கும். நிறுத்தும்போது கழற்றி உள்ளே வையுங்கள்.

நவிகேஷனுக்கு சிம்மும் டேட்டாவும் கட்டாயம் வேண்டுமா? (அம்பாறை)

வேண்டாம். செய்மதிச் சிக்னல் இலவசம். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். கூகுள் மேப்ஸிலும் அப்படி இறக்கலாம், ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற மேப் செயலிகளிலும் இறக்கலாம். டேட்டா இல்லாவிட்டால் வீதி நெரிசல் தகவல் வராது, அவ்வளவுதான்.

காரில் பூட்டும் ஆண்ட்ரொய்ட் திரைச் செட் ஒன்று பார்த்தேன். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. என்று போட்டிருக்கிறது. ஆனால் கடையில் ஓடவிட்டபோதே இழுத்து இழுத்து வேலை செய்தது. ஏன்? (அக்கரைப்பற்று)

பெட்டியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டும் ரேம் அளவையும் ஆண்ட்ரொய்ட் பதிப்பையும்கூட மென்பொருளில் மாற்றி எழுதிவிட முடியும். சி.பி.யு.-இசட் போன்ற ஒரு செயலியை ஏற்றி, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை: மேப்பை ஓடவிட்டுக்கொண்டே பாட்டைப் போடுங்கள், அப்படியே ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். படம் உடனே வர வேண்டும். இன்னொரு தடவை, சாவியை முழுவதும் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட் பண்ணிய கையோடு ரிவர்ஸ் போடுங்கள். செட் விழித்தெழும் வரை கமராப் படம் வராத சாமான்கள் இருக்கின்றன. காலையில் வீட்டு வளவிலிருந்து வாகனத்தைப் பின்னால் எடுப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அந்த நேரத்தில் கறுப்புத் திரையைக் காட்டும் செட் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கமராவை வேறாக வாங்குவதாக இருந்தால் வகை பொருந்துகிறதா என்று கேளுங்கள். ஏ.எச்.டி. எனும் கூடிய தெளிவுள்ள கமராவை, சி.வி.பி.எஸ். எனும் பழைய வகைப் படச் சிக்னலை மட்டும் ஏற்கும் செட்டில் பூட்டினால் படம் வராது. கமரா பழுது என்று நினைத்து அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ஜப்பானில் இருந்து வந்த எக்ஸியோ கார். உள்ளே நல்ல நவிகேஷன் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஜப்பான் மொழி, ஜப்பான் மேப். இலங்கை மேப் ஏற்ற முடியுமா சேர்? (மட்டக்களப்பு நகர்)

அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். அந்தச் செட் ஜப்பானுக்கென்றே செய்தது. ரேடியோவையே பாருங்கள்: அங்கே எஃப்.எம். 76 மெகா ஹேர்ட்ஸில் தொடங்கி 95இல் முடிகிறது, பழைய செட்டுகளில் 90இலேயே முடிந்துவிடும். நம் நிலையங்கள் 108 வரை போகின்றன. ஆனால் அந்தச் செட்டோடு வந்த ரிவர்ஸ் கமரா பெரும்பாலும் மிக நல்ல கமரா. செட்டை அப்படியே விட்டு கமராவுக்குப் பாவியுங்கள், வழிக்கு ஃபோனை ஒரு நல்ல தாங்கியில் வையுங்கள். சில டொயோட்டா செட்டுகளில் பற்றரியைக் கழற்றினால், திரும்பப் போடும்போது மேப் கார்டைக் கேட்டு அடம்பிடிக்கும். கார்டைத் தொலைக்காதீர்கள், பற்றரி மாற்றுபவரிடமும் முன்பே சொல்லுங்கள்.

மீன் ஏற்றும் கூலர் லொறி ஓட்டுகிறேன். காருக்குப் போடும் கமராவையே போட்டால் என்ன? (வாழைச்சேனை)

உங்கள் லொறி 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். கார்க் கமரா 12 வோல்ட். நேரே கொடுத்தால் எரிந்துவிடும். இடையில் 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் வேண்டும். பலர் கமராவுக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு, ரிவர்ஸ் பல்பிலிருந்து திரைக்குப் போகும் மெல்லிய வயரை மறந்துவிடுகிறார்கள். அதிலும் 24 வோல்ட்தான் வரும், செட்டைக் கெடுக்கும். 12இலும் 24இலும் ஓடும் லொறிக் கமராக்களும் இருக்கின்றன, கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே நல்லது. வயர் இல்லாத கமரா வேண்டாம் அண்ணன். கூலரின் தகரப் பெட்டி சிக்னலை மறைக்கும். கார்க் கமராவோடு வரும் வயர் பெரும்பாலும் 6 மீற்றர்தான், உங்களுக்குப் போதாது. அளந்துவிட்டு நீளமாக வாங்குங்கள்.

கமரா பூட்டி இருக்கிறேன். ஆனால் திரையில் உள்ள சிவப்புக் கோட்டை நம்பிப் பின்னால் போய் மதிலில் இடித்துவிட்டேன். சில நேரம் இடமும் வலமும் குழம்புகிறது. (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

டீச்சர், பிழை உங்களுடையது அல்ல. அந்தக் கோடுகள் கமராவுக்குள்ளேயே வரைந்து வைத்தவை. உங்கள் கார் எவ்வளவு உயரம், கமரா எந்தச் சரிவில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சமதரையில் நிறுத்தி, பம்பரிலிருந்து 1 மீற்றரிலும் 2 மீற்றரிலும் ஒவ்வொரு வாளி வையுங்கள். திரையில் அவை எங்கே தெரிகின்றன என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அல்லது கோடு பொருந்தும் வரை கமராவின் சரிவை மாற்றச் சொல்லுங்கள். அகலக் கோண லென்ஸில் எல்லாமே உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும். கோடு தரைக்குத்தான் கணக்கு: லொறியின் பின் பலகைபோல உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது கோட்டுக்கு அப்பால் தெரிந்தாலும் உண்மையில் உங்கள் பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இடம் வலம் குழம்புவதற்குக் காரணம் படம் கண்ணாடிபோலத் திருப்பப்படாமல் இருப்பது. ஒருவரைக் காரின் இடது பின்பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடது பக்கம் தெரிய வேண்டும். வலது பக்கம் தெரிந்தால் செட்டின் மெனுவில் மாற்றலாம், அல்லது கமரா வயரில் அதற்கென்று இருக்கும் சிறிய வளையத்தை வெட்ட வேண்டும். பூட்டியவரிடமே கொண்டுபோங்கள். அதுவரை கமராவைப் பார்த்து ஓட்ட வேண்டாம், தயவுசெய்து. பம்பருக்கு மிக அருகே குந்தியிருக்கும் சிறு பிள்ளை சில கமராக்களில் தெரியாது. எடுக்கும் முன் ஒரு தடவை பின்னால் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மண்டூருக்குப் போக வழி கேட்டால் வாவிக் கரையில் கொண்டுபோய் விடுகிறது. (கல்லாறு)

அது உங்களைப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் படகுச் சேவையில், ஏற்றப் பார்க்கிறது. படகுப் பாதையையும் மேப் ஒரு வீதியாகவே கணக்கெடுக்கும், ஓடாத நேரம் அதற்குத் தெரியாது. செட்டிங்ஸில் படகுச் சேவையைத் தவிர்க்கும் தெரிவைப் போடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இன்னொன்றும் உண்டு. குறுக்கு வழி என்று வயல் வரம்பையும் குளக்கட்டையும் காட்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி மழைக்கு எந்த வீதி தண்ணீருக்குள் இருக்கிறது என்பதைச் செய்மதி சொல்லாது, ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

கடலுக்குப் பக்கத்து வீடு. கமராப் படம் புகைபோல மங்குகிறது. ஐ.பி.67 என்று போட்டுத்தான் வாங்கினேன். (கல்முனை)

ஐ.பி.67 என்றால் 1 மீற்றர் தண்ணீருக்குள் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். உப்புக் காற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் லென்ஸைத் துடையுங்கள், உப்புப் படிவுதான் என்றால் அதிலேயே தெளியும். துடைத்தும் புகை உள்ளேயே இருந்தால் ஈரம் புகுந்துவிட்டது, கமராவை மாற்ற வேண்டியதுதான். புதியதைப் பூட்டும்போது வயர் இணைப்புகளை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் வெளியே விடாமல் டிக்கிக்குள் எடுக்கச் சொல்லுங்கள். துளையிட்ட தகரத்தின் ஓரத்துக்குப் பெயின்ட் பூசி, ரப்பர் வளையம் போட்டு, அதற்குப் பிறகே வயரை இழுக்க வேண்டும். கமராவுக்கு முன்னரே துருப்பிடிப்பது அந்தத் துளைதான்.