முடிந்தது என்றால், யாருக்கு?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவரின் பதில்கள்

எங்கள் தெரு வடிகால் அடைத்துக் கிடப்பது பற்றி மனு கொடுத்தேன். பத்தாவது நாள், ‘தங்கள் மனு மீது நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது. வாசலில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அடுத்த வாரம் ஒரு பெண் போன் செய்து, ‘திருப்தியா, இல்லையா?’ என்று கேட்டார். ‘திருப்திதான்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் திட்டுகிறார். நான் செய்தது தப்பா?
– வாசகி, மன்னார்குடி

தப்பில்லை அம்மா. அந்தப் போனை உங்கள் வீட்டுக்காரர் எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நாளைக்கு வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று அதே ஆட்களிடம்தானே போய் நிற்க வேண்டும்? நம்பரும் பெயரும் தெரிந்துகொண்டு கேட்பவரிடம் யார் மனசைத் திறப்பார்கள்?

‘முடிக்கப்பட்டது’ என்று எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். அங்கே வாங்கிய மனுக்கள் துறைவாரியாகப் பிரிந்து ஓரிரு நாளில் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். மாதக் கடைசியில் ஆய்வுக் கூட்டம். நீளத் தாளில் மூன்று கட்டம்: வரப்பெற்றவை, முடிக்கப்பட்டவை, நிலுவை. அதிகாரியின் விரல் நேராக நிலுவைக் கட்டத்துக்குப் போகும். ‘முடிக்கப்பட்டவை’ கட்டத்தில் அந்த விரல் ஒருநாளும் நின்று நான் பார்த்ததில்லை. எப்படி முடித்தாய் என்று கேட்பார் இல்லை. அப்புறம் என்ன? கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து, ‘தங்கள் கோரிக்கை உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரே வரியை எல்லா மனுவுக்கும் எழுதுவோம். காகிதம் எங்கள் மேஜையை விட்டுப் போனால் எங்களைப் பொறுத்தவரை அது முடிந்த மனு.

ஒருநாள் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். பட்டா மாறுதல் கேட்டு நடையாய் நடந்தவர். பைக்குள்ளிருந்து நாலு கடிதங்களை எடுத்து என் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். நாலிலும் அதே வரி, என் கையெழுத்து. ந.க. எண் (கோப்பு எண்) மட்டும்தான் வேறு. “இதுல எது சார் பட்டா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது, நிஜமாகவே கேட்டார். என் கணக்கில் அவருக்கு நாலு மனு முடிந்திருந்தது. அந்த மாதம் நிலுவையே இல்லை என்று கூட்டத்தில் எனக்குப் பாராட்டு வேறு.

இனி உங்கள் போனுக்கு வருகிறேன். ‘திருப்தியா?’ என்பதே கோணல் கேள்வி. கல்யாண வீட்டில் பந்தி எழுந்ததும், ‘சாப்பாடு எப்படி?’ என்று பெண்ணைப் பெற்றவர் கேட்டால், சாம்பாரில் உப்பில்லை என்றா சொல்கிறோம்? கேட்டிருக்க வேண்டியது வேறு. வடிகாலில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா? யாராவது வந்து பார்த்தார்களா? எத்தனை நடை நடந்தீர்கள்? வழியில் யாருக்காவது காசு கொடுத்தீர்களா? இதற்கெல்லாம் முகதாட்சண்யம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் ஓடுகிறது, அல்லது நிற்கிறது.

மறுபடி போன் வந்தால், “எனக்குத் திருப்தியா என்பது இருக்கட்டும், தண்ணீர் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு மார்க் போடுவது போல அரசு அலுவலகங்களுக்கு யாராவது மார்க் போட்டிருக்கிறார்களா? போட்டால்தான் என்ன ஆகிவிடும்?
– ஆசிரியர், ஓசூர்

உங்கள் பக்கத்து ஊரிலேயே போட்டிருக்கிறார்கள் சார். பெங்களூரில் சாமுவேல் பால் என்று ஒருவர் இருந்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கு இயக்குநராக இருந்தவர், உலக வங்கியிலும் வேலை பார்த்தவர். 1994-ல் அவர் நகரத்து மக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்துக் குடிநீர், மின்சாரம், மாநகராட்சி, தொலைபேசி என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு ‘ரிப்போர்ட் கார்டு’ தயாரித்தார். பங்களா வீட்டோடு நிறுத்தவில்லை, குடிசைப் பகுதிகளிலும் கேட்டார்கள். நான் மேலே சொன்ன மாதிரிக் கேள்விகள்தான். லஞ்சம் கொடுத்தீர்களா என்பதும் அதில் உண்டு. திருப்தியா என்றும் கேட்டார்கள்; ஆனால் கேட்டது துறை ஆட்கள் இல்லை.

எல்லாத் துறையையும் சேர்த்துப் பார்த்தால் திருப்தி என்றவர்கள் நூற்றுக்கு 9 பேர். பெங்களூர் வளர்ச்சிக் கழகத்துக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் ஒரே ஒருவர்! ஒரு பெரிய ஆங்கிலப் பத்திரிகை இதை வாரம் ஒரு துறையாகப் போட்டது. பிள்ளையின் ரேங்க் கார்டைத் தெருவில் ஒட்டி வைத்த மாதிரி. ஒரு மார்க் வாங்கிய அந்தக் கழகத்தின் தலைவரே, எதைச் சரிசெய்யலாம் என்று கார்டு போட்டவர்களிடமே ஆலோசனை கேட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் முதலில் மறுப்பு அறிக்கைதான் எழுதியிருப்பேன்.

1999-ல் திரும்பக் கேட்டார்கள்: எல்லாத் துறையும் சேர்த்து 34. 2003-ல் 49. பள்ளிக்கூடக் கணக்கில் 35 பாஸ் என்றால், மூன்றாவது தடவைதான் பாஸானார்கள். கார்டு ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் எஸ்.எம்.கிருஷ்ணா முதல்வராகி, நகரத்துக்கென்று தனிச் செயற்குழு அமைத்தார். துறைகளுக்குள்ளும் மாற்றங்கள் நடந்தன. ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை கேட்டார்கள், துறைகளுக்கு வெளியே இருந்து கேட்டார்கள். நம் ஆட்கள் ஒரு தடவை கேட்டு, போட்டோ எடுத்து, மலர் வெளியிட்டு மூட்டை கட்டிவிடுவார்கள்.

சான்றிதழ் தாமதமானால் அதிகாரிக்கு அபராதம் போட்டால் என்ன?
– வாசகர், விருத்தாசலம்

போடுகிற மாநிலங்கள் உண்டு. 2010-ல் மத்தியப் பிரதேசம் முதலில் சட்டம் கொண்டுவந்தது; தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 5,000. குறித்த நாளுக்குள் சேவை தர வேண்டும் என்கிற கர்நாடகத்தின் ‘சகாலா’ திட்டத்தில் காத்திருந்தவருக்கே நாளுக்கு 20 ரூபாய், 500 வரை. இருபது ரூபாயில் ஒரு டீயும் வடையும் வாங்கினால் மிச்சம் இருக்காதுதான். ஆனாலும் அந்தப் பணம் யார் கையிலிருந்து போகிறது என்று ஃபைலில் எழுத வேண்டி வருமே, அதற்குத்தான் எங்கள் இனம் பயப்படும். இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். கெடு முடிகிற நாளில் ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். தள்ளுபடி செய்தால் தாமதமே கிடையாது பாருங்கள்.

குரூப்-1க்குப் படிக்கிறேன். இலக்கு வைத்து அளந்தால் நிர்வாகம் மேம்படும் என்று பாடத்தில் இருக்கிறது. உண்மையா?
– மாணவர், மதுரை

பரீட்சையில் ‘ஆம்’ என்று எழுதுங்கள் தம்பி. வேலை கிடைத்த பிறகு இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2005 தேர்தல் சமயத்தில் பிரதமர் டோனி பிளேர் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் இருந்தார். பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் எழுந்து, அடுத்த வாரத்துக்கு முன்பதிவு கேட்டால் தர மறுக்கிறார்கள் என்றார். முன்கூட்டியே பதிந்தால் 48 மணி நேரக் கணக்கு கெட்டுப்போகுமாம்! பிளேருக்கு அது புதுச் செய்தி.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று இலக்கு இருந்தது. ஃபீனிக்ஸ் நகரில் கம்ப்யூட்டரில் காட்டாமல் தனியாக ஒரு காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்தது 2014-ல் வெளியே வந்தது. துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவர் மேஜைக்கு வந்த தாளில் நிலுவைக் கட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும்!

எங்கள் ஊர் அலுவலகத்தில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் பொத்தான் வைத்திருக்கிறார்கள். பயன் உண்டா?
– வாசகி, தென்காசி

ஓர் அலுவலகத்தில் என் பேத்தி சிரிக்கிற முகத்தைப் பதினாறு தடவை அமுக்கினாள். எண்ணிக்கொண்டே அமுக்கினாள், அதனால் தெரியும். நான் உள்ளே இன்னும் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன்.

சாமானியன் நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?
– வாசகர், அரக்கோணம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி போனீர்கள், யார் என்ன சொன்னார், எவ்வளவு செலவு, எத்தனை மணி நேரம் போயிற்று என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். தெருவில் பத்து வீடு அப்படி எழுதினால் கிராம சபையில் வைக்க ஒரு ரிப்போர்ட் கார்டு தயார்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள்; அதற்கு ஒரு வரியில் மழுப்பிவிடலாம். எண்ணாகக் கேளுங்கள்: சென்ற ஆண்டு பட்டா மாறுதலுக்கு வந்த விண்ணப்பம் எத்தனை, ஏற்றது எத்தனை, தள்ளியது எத்தனை, ஒவ்வொன்றையும் தள்ளிய காரணம் என்ன. அந்தக் காரணக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் எழுதிய காரணங்களில் பாதிக்கு என்னிடமே விளக்கம் கிடையாது.